மருந்து என்ற சொல்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்கு ஏறி, ரிவர்ஸ்டன் உச்சியில் காற்றோடு மல்லுக்கட்டி, இலுக்கும்புர வழியாக வளைந்து வளைந்து இறங்கினால் லக்கல. மலை முகடுகள் மடக்கிய விரல் முட்டிகளைப்போல இருப்பதாக வெள்ளைக்காரர்களுக்குத் தோன்றியதால் நக்கிள்ஸ் என்று பெயர் பெற்ற தும்பறை மலைத்தொடரின் மறுபக்கச் சரிவு அது. படிப்படியாக வெட்டிய வயல், சேனைப் புனத்தில் குரக்கன், காட்டு நிழலில் ஏலம், வீட்டுக்குப் பின்னால் மிளகுக் கொடி. நடுநடுவே, தமிழ்நாட்டார் கூந்தற்பனை என்று சொல்லும் கித்துள் மரம்.

கித்துளில் பாளை வந்ததும் உடனே சீவிவிட முடியாது. பாளையைக் கீறி, ஒரு கலவையை வைத்துக் கட்டி, சில நாள் காத்திருக்க வேண்டும். கலவையில் உப்பும் மிளகும் சுண்ணாம்பும் சாம்பலும் என்ன அளவில் சேரும் என்பது ஒவ்வொரு குடும்பத்தின் கைப்பாகம். அப்பன் மகனுக்குத்தான் சொல்வான். சிங்களத்தில் அதன் பெயர் ‘பெஹெத்’, அதாவது மருந்து. மருந்து பிடித்த பாளையைச் சீவினால் நீர் சொட்டத் தொடங்கும். காலையும் மாலையும் ஏறி முட்டியை மாற்ற வேண்டும். முட்டிக்குள் ஹல் மரப்பட்டைத் துண்டு ஒன்றைப் போட்டுவைத்தால் நீர் புளிக்காது. அதைக் காய்ச்சினால் பாணி, மேலும் இறுக்கினால் கருப்பட்டி. பட்டை போடாமல் விட்டால் சில மணி நேரத்தில் தானாகவே நுரை கட்டும். அது கள். ஒரே மரம், ஒரே முட்டி.

லக்கலவில் மருந்து என்றால் இது மட்டுமல்ல. வயலுக்கும் காய்கறிக்கும் அடிக்கிற பூச்சிகொல்லியும் சிங்களத்தில் பெஹெத், தமிழில் மருந்து. மலைக்கு இந்தப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளில், நாள் முழுக்கக் கவ்வாத்து வெட்டிய உடம்புக்கு மாலையில் ‘போட்டுக்கொள்வதும்’ மேல்வலிக்கு மருந்துதான். ஆனால் “அவன் மருந்து குடிச்சிட்டான்” என்று யாராவது ஓடிவந்து சொன்னால், எந்த மருந்து என்று எவரும் கேட்பதில்லை. வாகனம் தேடி ஓடுவார்கள்.

இலங்கையின் தற்கொலை வரலாறு இதுவரை பெரும்பாலும் வயல் மருந்தின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மேல்வலி மருந்து அந்த வரலாற்றின் ஒவ்வொரு பக்கத்திலும் பின்னணியில் நிற்கிறது. அதன் கதை இன்னும் நீளமானது.

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறையிருந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், தப்பிப்போய் 1681இல் லண்டனில் வெளியிட்ட நூலில், அக்காலக் கண்டி மக்கள் குடிவெறியை அருவருத்தார்கள், அதற்கு அடிமைப்பட்டவர்கள் அதிகமில்லை என்று எழுதுகிறார். அதே நூலில் வேறொரு செய்தியும் உண்டு. கடன் கொடுத்தவன், கடன் வாங்கியவனின் வீட்டு வாசலுக்கு நச்சு இலையோடு வருவான். பணத்தைத் தராவிட்டால் இதைத் தின்று சாவேன் என்பான். கடன்காரன் நடுங்கிப்போய், சில வேளை பிள்ளையை விற்றாவது கடனை அடைப்பான்.

இங்கே உயிரை விடுவேன் என்பது இன்னொருவரை நோக்கிச் சொல்லும் பேச்சு. நீ எனக்குச் செய்த அநியாயத்தை ஊர் பார்க்கட்டும் என்கிற வழக்காடல். புத்தளம் மாவட்டத்து மாதம்பையில் பல காலம் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் டொம் விட்ஜர் 2015இல் வெளியிட்ட நூலிலும், இலங்கையில் தற்கொலையை உறவுகளுக்குள் எழும் எதிர்ப்பாகவும் குற்றச்சாட்டாகவும் பார்க்க வேண்டும் என்கிறார். முந்நூறு ஆண்டு இடைவெளியில் அந்த வழக்கு மாறவில்லைபோலும். ஆனால் நொக்ஸ் காலத்துக் கடன் கொடுத்தவன் தெளிந்த புத்தியோடு வந்தான். வாசலில் நின்று பேரம் பேசினான். கூட்டம் சேர்ந்தது, பெரியவர்கள் குறுக்கே வந்தார்கள். அதற்கெல்லாம் நேரம் இருந்தது.

அந்த நேரத்தைத் தின்றவற்றில் ஒன்று சாராயம்.

கரையோரத்தில் தென்னங்கள்ளை வடித்துச் சாராயம் எடுப்பதும், அதை விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு அரசு பணம் பார்ப்பதும் ஒல்லாந்தர் காலத்திலேயே இருந்தவை. 1815இல் கண்டி பிரித்தானியர் கைக்குப் போன பிறகு அந்தக் குத்தகை மலை ஏறியது. பாதை வெட்டப்பட்ட இடமெல்லாம் தவறணை என்ற மதுக்கடை வந்தது. 1830களுக்குப் பின் காப்பித் தோட்டங்கள் பெருகின. தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காடு வழியே நடந்து வந்து சேர்ந்த வாசல்தான் மாத்தளை. வழியில் காய்ச்சலிலும் பசியிலும் செத்தவர் போக மிஞ்சியவர்களுக்கு லயத்தில் ஓர் அறை, கங்காணியிடம் ஒரு கடன். தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமானால் அந்தக் கடன் தொகையை எழுதிய சீட்டு வேண்டும். ‘துண்டு’ என்ற அந்தச் சீட்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. அதுவரை கடன் மனிதனுக்கு முன்னே நடந்தது. சம்பள நாளில் தவறணை வாசலில் கூட்டம் நின்றதற்கு ஆசையை மட்டும் காரணமாகச் சொல்பவர்கள் துண்டை மறந்துவிடுகிறார்கள்.

குத்தகைப் பணம் எங்கே போனது என்பதை வரலாற்றாசிரியர் குமாரி ஜயவர்தன விரிவாக எழுதியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உள்நாட்டுப் புதுப் பணக்காரர்கள் முதல் திரட்டியது பெருமளவில் சாராயக் குத்தகையில்தான் என்பது அவர் காட்டும் சித்திரம். அந்த வீடுகள் சிலவற்றின் அடுத்த தலைமுறை மதுவிலக்கு மேடையில் ஏறியது இன்னொரு சுவாரசியம்.

அந்த மேடை 1904இல் சூடு பிடித்தது. விகாரைகளில் சபதம் எடுத்தார்கள். தவறணைக்குப் போகிறவனை ஊர் ஒதுக்கியது. கிராமத் தலைமைக்காரர்கள் இதில் சேரக் கூடாதென்று அரசு சுற்றறிக்கை விட்டது. 1912இன் 8ஆம் இலக்க மதுவரிச் சட்டம் பழைய குத்தகை முறையைத் திருத்த வந்தது. கூடவே புதிய கள்ளுத் தவறணைகளையும் கொண்டுவந்ததால் இயக்கம் மறுபடி பொங்கியது. டி. பி. ஜயதிலக்க, எப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க எல்லாரும் அந்த இயக்கத்தில் வளர்ந்தவர்கள். 1915 சிங்கள–முஸ்லிம் கலவரத்தின்போது மதுவிலக்குத் தலைவர்களையே சதிகாரர்கள் என்று பிடித்து அடைத்தது அரசு. பொன்னம்பலம் இராமநாதன் யுத்த காலத்துக் கடல் கடந்து லண்டன் போய் அவர்களுக்காக வாதாடினார்.

கித்துளும் அந்த 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் வலைக்குள் வந்தது. ஹல் பட்டை போட்ட முட்டிக்குச் சட்டத்தோடு சண்டை இல்லை. போடாத முட்டி மதுவரி இலாகாவின் விடயம். காட்டோரக் கிராமத்தில், மரத்தின் உச்சியில், யார் போய்ப் பார்த்தார்கள் என்பது வேறு கதை.

மதுவிலக்குப் பிரசாரத்தில் மதம் பேசப்பட்டது, தேசம் பேசப்பட்டது, வீட்டுச் செலவு பேசப்பட்டது. தற்கொலை பெரிய பேச்சாக இருக்கவில்லை. ஐரோப்பாவிலும் அப்போது நிலைமை தெளிவில்லை. 1897இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கெம், பிரான்சில் குடி அதிகமுள்ள மாவட்டங்களின் வரைபடத்தையும் தற்கொலை அதிகமுள்ள மாவட்டங்களின் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டும் பொருந்தவில்லை, ஆகவே குடி காரணமல்ல என்று தள்ளிவிட்டார். மாவட்டத்தைப் பார்த்தவர் வீட்டுக்குள் பார்க்கவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் கார்ல் மெனிங்கர்தான் 1938இல் குடிக்கு அடிமையாவதையே மெதுவான தற்கொலை வகைகளில் ஒன்றாக எழுதினார்.

இலங்கையில் 1950இல் தற்கொலை விகிதம் ஒரு லட்சம் பேருக்கு 6.5. 1995இல் 47. உலகத்தின் மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது.

அந்த 45 ஆண்டுகளில் என்ன நடந்தது? புதிய நெல் வந்தது, அதோடு மருந்தும் வந்தது. கூரைச் செருகலில், கட்டிலுக்கு அடியில், நெல் மூட்டைக்குப் பக்கத்தில் போத்தல்கள் குடிபுகுந்தன. உலர் வலயக் குடியேற்றங்களுக்குக் குடும்பங்கள் பெயர்ந்தன. சொந்தக்காரர்கள் ஓரிடம், வயல் ஓரிடம். ரொபர்ட் கேர்னியும் பார்பரா மில்லரும் 1985இல் எழுதிய கட்டுரையில் இந்தப் பெயர்வையும் சமூகக் குலைவையும் தற்கொலை ஏற்றத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். எதிர்ப்பைச் சொல்லும் பழைய வழக்கு அப்படியே இருந்தது. ஆனால் நச்சு இலையைக் காட்டிப் பேரம் பேசிய காலம் போய், பேரத்துக்கு முன்பே உயிர் போய்விடும் காலம் வந்தது. அனுராதபுரம் பகுதி வைத்தியசாலைகளில் பிழைத்தவர்களிடம் மைக்கேல் எடில்ஸ்டன் குழுவினர் பேசியபோது, பாதிக்கு மேற்பட்டோர் நினைப்பு வந்த அரை மணி நேரத்துக்குள் செய்துவிட்டதாகச் சொன்னார்கள். சாகும் தீர்மானத்தோடு நாள் பார்த்தவர்கள் அல்ல அவர்கள். கோபத்தின் உச்சியில் கைக்கு எட்டியதை எடுத்தவர்கள்.

இந்த இடத்தில் அரசு ஒரு நல்ல காரியம் செய்தது, அதைச் சொல்லாமல் போகக் கூடாது. மிகக் கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகச் சந்தையிலிருந்து எடுத்தது: 1984இல் தொடக்கம், 1995இல் பெரிய தடை, 1998இல் இன்னொன்று, 2008 முதல் 2011 வரை மற்றுமொரு சுற்று. 1997இல் தற்கொலைத் தடுப்புக்கென ஒரு ஜனாதிபதிக் குழு. 1998இல் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவு நீக்கம். அதுவரை பிழைத்தெழுந்தவரின் கட்டிலருகே பொலிஸ்காரர் வந்து நிற்கலாம். விகிதம் பத்தே ஆண்டில் ஏறத்தாழப் பாதியாகி, பிறகும் இறங்கியது. 1995 முதல் 2015 வரை இந்தத் தடைகளால் தப்பிய உயிர்கள் சுமார் 93,000 என்பது ஆய்வாளர்களின் கணக்கு. பயிர் விளைச்சலும் குறையவில்லை. உலகம் திரும்பிப் பார்த்த சாதனை.

ஆனால் வைத்தியசாலைக்கு வரும் கூட்டம் அதே அளவில் குறையவில்லை. போத்தலுக்குள் இருந்ததன் கொடுமை குறைந்ததால் பிழைப்பவர் கூடினார்கள். போத்தலை எடுக்கவைத்த சண்டை வீட்டிலேயே இருந்தது. பூச்சிகொல்லியைப் பூட்டிவைக்கப் பெட்டி கொடுத்தால் என்ன என்று அனுராதபுரத்தின் 180 கிராமப் பகுதிகளில் சோதித்தார்கள். 2017இல் முடிவு வந்தது: பெட்டியால் பயன் தெரியவில்லை. பெட்டிக்குச் சாவி இருந்தது. சாவி வீட்டில் இருந்தது.

அதே 2017இல் டென்மார்க்கின் ஜேன் பிராண்ட் சோரன்சனும் ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தாரும் வெளியிட்ட ஆய்வுகள் இன்னொரு போத்தலைப் பார்த்தன. அனுராதபுரக் கிராமங்களில் உட்கார்ந்து பேசிப் பார்த்தபோது, தன்னைத் தானே துன்புறுத்திக்கொண்ட நிகழ்ச்சிகளின் முன்கதையில் குடி திரும்பத் திரும்ப வந்தது. இரண்டு விதமாக. ஒன்று, குடித்திருக்கும் ஆண் அந்த வேகத்தில் செய்துவிடுவது. மற்றது, குடிக்காதவர் செய்வது: மனைவி, சில வேளை பிள்ளை. இரண்டாவதுதான் கணக்கில் தப்பிவிடுகிறது. 2015 தேசிய ஆய்வின்படி இலங்கை ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் குடிக்கிறார்; பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. குடியைத் தொடாத பெண்ணின் மரணத்துக்குப் பின்னாலும் குடி இருக்கலாம் என்பது பட்டியலைப் பார்க்கிறவர்களுக்குத் தோன்றுவதில்லை.

ஒரு மாலையை நினைத்துப் பார்க்கலாம். மிளகு விற்ற காசு வந்த நாள். சந்தியில் இறங்கியவர் கால் போத்தல் என்று தொடங்கி, கடனைத் திருப்பிக் கேட்டவனோடு வாய்த்தர்க்கம் பட்டு, எட்டரைக்கு வீடு வருகிறார். கடைக் கடன் கட்ட வேண்டிய காசில் பாதி இல்லை. அவள் ஒரு வார்த்தை கேட்கிறாள். பதிலுக்கு அவள் தாயைப் பற்றி ஒரு வார்த்தை வருகிறது. பக்கத்து வீட்டில் வானொலிச் சத்தம் சற்றே குறைகிறது, கேட்கிறார்கள். பிள்ளைகள் பாயில் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருக்கிறார்கள். நொக்ஸ் பார்த்த வாசல்தான் இதுவும். இங்கே குறுக்கே வந்து பேச ஒரு பெரியவர் இல்லை, அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட வேளையில் மது மூளையில் என்ன செய்கிறது என்பது இப்போது ஓரளவு தெரியும். அது பார்வையைக் குறுக்குகிறது. கண் முன்னால் இருக்கும் அவமானம் மட்டும் பெரிதாகத் தெரிகிறது. நாளைக்காலை, பிள்ளையின் பள்ளிக்கூடம், அக்காவின் வீடு எல்லாம் வெளிச்சத்துக்கு வெளியே போய்விடுகின்றன. கையைப் பிடித்து நிறுத்தும் தயக்கமும் தளர்கிறது. இது ஒரு நாள் குடிப்பவருக்கும் பொருந்தும். அடிமையாகிவிட்டவரின் கதை வேறு. அவருக்கு ஆண்டுக்கணக்கான குடியே மனச்சோர்வைக் கொண்டுவருகிறது. வேலை போகிறது, மனைவி தாய்வீடு போகிறாள். மேற்கு நாட்டு ஆய்வுகளில், குடிக்கு அடிமையானோரிடையே தற்கொலைக்கு முந்திய வாரங்களில் இப்படி ஓர் உறவு முறிந்திருப்பது அடிக்கடி கண்டறியப்பட்ட ஒன்று. இன்னொன்றையும் மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்: மருத்துவ உதவியோடு குடியை நிறுத்தியவர்களில் பலருக்கு அந்தச் சோர்வு சில வாரங்களிலேயே பெருமளவு விலகிவிடுகிறது. நிறுத்த முடியாது, வாழவும் முடியாது என்று ஒருவருக்குத் தோன்றும் நிலை நிரந்தரமல்ல. ஆனால் நீண்ட நாள் குடித்தவர் தானாக ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து; வலிப்பு வரலாம். அதனால்தான் வைத்தியசாலை.

ஒரு நாடு முழுவதுமே குடியைக் குறைத்தால் என்ன ஆகும்? அப்படி நடந்திருக்கிறது. முதலாம் உலகப் போரின்போது, 1917இல், தானியம் மிச்சம் பிடிக்க டென்மார்க் மதுவின் வரியைப் பல மடங்கு ஏற்றியது. குடி சரிந்தது, தற்கொலையும் இறங்கியது. 1985இல் சோவியத் யூனியனில் கொர்பச்சேவ் வோட்காவுக்குக் கடிவாளம் போட்டபோது, ஆண்களின் தற்கொலை மூன்று நான்கு ஆண்டுகளில் பெரிய அளவில் குறைந்தது. கடிவாளம் நழுவியதும் மறுபடி ஏறியது. துர்க்கெமின் வரைபடங்கள் காட்டாததை இந்த இரண்டு நிகழ்ச்சிகள் காட்டிவிட்டன.

இலங்கையிலும் 2006இல் ‘மத்தட்ட தித்த’ என்று, போதைக்கு முற்றுப்புள்ளி வைப்பதாக, முழக்கம் எழுந்தது. அந்த ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசார தேசிய அதிகார சபையை உருவாக்கியது. விளம்பரம் தடைப்பட்டது, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது குற்றமானது. போயா தினத்தில் தவறணை மூடும். மறுபக்கம், மதுவரித் திணைக்களம் ஆண்டுக்கு 10,000 கோடி ரூபாவுக்கு மேல் திறைசேரிக்குக் கொடுக்கிறது. வரியை ஏற்றினால் மக்கள் கசிப்பு என்ற கள்ளச்சாராயத்துக்குப் போவார்கள் என்ற வாதம் ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்தின்போதும் எழும். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு, நிறைய வசதியும் உண்டு. 2018 ஜனவரியில் நிதி அமைச்சு, பெண்கள் மது வாங்கக் கூடாதென்ற 1979ஆம் ஆண்டுத் தடையை நீக்கியது. சில நாட்களில் ஜனாதிபதி அதைத் திரும்பப் போட வைத்தார். நாடே ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசியது. குடிக்காத பெண்கள் வாங்கலாமா என்பதே விவாதமாக இருந்தது. அவர்கள் வீட்டில் குடிப்பவரைப் பற்றி அந்த வாரமும் யாரும் பேசவில்லை.

பூச்சிகொல்லியைத் தடை செய்ய முடிந்த அரசால் சாராயத்தின் மேல் ஏன் கை வைக்க முடியவில்லை என்பதற்குச் சிக்கலான விளக்கம் தேவையில்லை. முன்னதில் அரசுக்குப் போகும் பணம் அற்பம். பின்னதில் ஒல்லாந்தர் காலத்திலிருந்து பங்கு இருக்கிறது.

பெண்கள் மது வாங்குவது விவாதமான அதே ஆண்டில்தான் லக்கலவும் இடம் மாறியது. மொரகஹகந்த–களுகங்கை நீர்த்தேக்கத் திட்டத்தில் பழைய பல்லேகம நகரம் நீருக்குள் போக, மேட்டில் புதிய நகரம் எழுந்து 2018இல் திறக்கப்பட்டது: பிரதேச செயலகம், வைத்தியசாலை, பொலிஸ் நிலையம், கடைத்தொகுதி, நேர்கோட்டுத் தெரு. பரம்பரை வயலும் கித்துள் மரமும் போனவர்களுக்கு வேறு காணியும் இழப்பீடும் வந்தன. அதற்கு முன்பே, 2000இல் மலைத்தொடர் பாதுகாக்கப்பட்ட காடானதிலிருந்து ஏலமும் சேனையும் சுருங்கிக்கொண்டே வந்திருந்தன. ஓர் ஊர் பெயரும்போது பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்தே பெயர்வார்கள் என்பதில்லை. கேர்னியும் மில்லரும் உலர் வலயக் குடியேற்றங்களைப் பற்றி எழுதியதைப் படித்த ஒருவர், புதிய தெருவில் நடக்கும்போது யாருக்கு அடுத்த வீட்டில் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்.

இன்று அங்கே ஒருவர் இரவில் மனம் தாங்காமல் போனால், தொலைபேசியில் 1926 அழுத்தினால் தேசிய மனநல நிறுவனத்தில் ஆள் பேசும். சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பு 1974இலிருந்து, ஜோன் டி மெல் தொடங்கிய காலத்திலிருந்து, கேட்டுக்கொண்டிருக்கிறது. குடியிலும் போதையிலும் சிக்கியவர்களுக்காக ‘மெல் மெதுர’ என்று தனி நிலையமும் அதற்கு உண்டு. குடிப்பவரின் மனைவியும் அங்கே போய்ப் பேசலாம்.

பொலிஸ் திணைக்களம் ஆண்டுதோறும் தற்கொலைகளைக் காரணவாரியாக எண்ணி அட்டவணை போடுகிறது. பொருளாதாரப் பிரச்சினை, காதல் விவகாரம், தீராத நோய், மனநலக் குறைபாடு, போதைப்பொருள் அடிமை நிலை என்று வரிசையாகப் போகும் அந்த அட்டவணையில் ஒரு வரி: ‘கணவரின் தொல்லையும் குடும்பத் தகராறும்’. எட்டரை மணிக்கு வீடு வந்தவரின் கதை முழுவதும் அந்த ஒரு வரிக்குள் போய் விழுகிறது. சந்தியில் வாங்கிய கால் போத்தலுக்கு அதில் இடம் இல்லை.